தோடிக்குப் போதாத தட்டு

78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் பாட்டு அடங்கும். 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர், தஞ்சாவூர்ப் பக்கம் வந்து கச்சேரி கேட்டவர் அல்லர். கேட்டிருந்தால் தட்டைத் தேர்ச்சக்கரம் அளவுக்குச் செய்திருப்பார். காவிரிக் கரையில் நாகஸ்வர வித்வான் சீவாளியைச் சரிபார்க்கவே 3 நிமிடம் ஆகும்.

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தைத் தொட்டால் மணிக்கணக்கில் விடமாட்டார். 2 மணி நேரத் தோடியைத் தட்டில் ஏற்றுவதென்றால் 40 பக்கம், அதாவது 20 தட்டு வேண்டும். பக்கத்துக்கொரு புது முள் என்பது அக்கால விதி. ஆக 40 எஃகு முள். சாவி கொடுத்த கைக்குத் தைலம் தனிச் செலவு. அவர் தட்டுக்காகவும் தோடி வாசித்தார். ஒரு பெருங்கடல் சில நிமிடத்தில் அடங்கியதைக் கேட்டு ஊர்கள் சொக்கின என்றால், பெருமை வித்வானுக்கே. தட்டுக்கு அதில் பங்கில்லை. அந்தக் காலப் பதிவுகள் சிலவற்றில் சரணம் ஓட்டமாய் ஓடுவதற்கும் பக்தி காரணமல்ல, பதிவு செய்யும் மெழுகுத் தட்டு தீர்ந்துவிடும் என்ற பயம்தான்.

கடைக்கு வந்த தட்டுகளின் முக்கியச் சரக்கு அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் சுரந்ததுதான் உலகமெங்கும் பாடியது. கை தவறினால் ராகம் சில்லு சில்லாகும். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வரவே, அமெரிக்காவில் வினைல் முன்னுக்கு வந்தது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி.யை வெளியிட்டது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். மேற்படி தோடிக்கு 3 தட்டு போதும். மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுழற்சியில் 7 அங்குலச் சிறு தட்டைக் கொண்டுவந்தது.

இந்தியா அவசரப்படவில்லை. 1960களின் நடுவிலும் இங்கே பீட்டில்ஸ் பாட்டு 78இலேயே வெளிவந்தது. ராஜரத்தினம் பிள்ளையோ 1956இலேயே மறைந்துவிட்டார். நீளமான தட்டு இங்கே பரவியபோது, அதை நிரப்பக்கூடிய ஆள் இல்லை. அந்த இடத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் (1963) வந்து அமர்ந்தது. ஏழுமலையானை எழுப்பப் பாடியது, மார்கழியில் ஊர் முழுவதையும் எழுப்பியது. எழ விரும்பாதவர்களையும் சேர்த்து.

45க்கு மைக் செட்காரர்தான் புரவலர். தை பிறந்து அறுப்பு முடிந்தால் தென்னைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகு சினிமா. நாகூர் ஹனீபாவும் அதே பெட்டியிலிருந்து, அதே முள்ளில் பாடுவார். பெட்டியில் 16, 33, 45, 78 என்று நான்கு வேகம் உண்டு. 45இல் ஓட வேண்டியதை 78இல் விட்டால் சீர்காழியின் வெண்கலக் குரல் கீச்சுக்குரலாகும். 16இல் என்ன ஓடும் என்பது செட்காரருக்கே தெரியாது. பந்தலைச் சுற்றும் பையன்கள்தான் அதைத் தவறாமல் திருப்பிப் பார்த்தார்கள்.

பாட்டு முடிவதற்குள் அடுத்த தட்டை எடுத்தாக வேண்டும் என்பதால் செட்காரர் எந்தப் பந்தியிலும் பாயசம்வரை உட்கார்ந்ததில்லை. 1980களில் கேசட் வந்தது. ஒரு பக்கம் அரை மணி, முக்கால் மணி ஓடியது. அவர் மோர்ச்சாதமும் சாப்பிட்டு எழுந்தார்.