நெருப்புக்குக் காவல்

கேள்வி: எங்கள் அயலில், வளவுக்குள் முழுப் பன்றியொன்று சுடப்போகிறார்கள். என்னையும் உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போய் என்ன செய்தால் உண்மையில் உதவியாக இருக்கும்?
— வாசகர், மாங்கேணி

பதில்: நெருப்பு வளராமல் காவல் நில்லுங்கள், அதைவிடப் பெரிய உதவி அங்கே கிடையாது. வருகிறவர்கள் ஆளுக்கொரு விறகைத் தள்ளிவிட்டுப் போவதால்தான் பன்றி பாழாகிறது. இறைச்சியின் தடிப்பு இரண்டு மடங்கானால், சூடு நடுவரை போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டி அந்த நேரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. தோல் கருகும், எலும்போரம் பச்சையாகவே கிடக்கும். தொடையும் தோளும் தடிப்பு, வயிறு மெல்லிசு. ஆகவே தணலை நடுவில் குவிக்காமல் இரு முனைகளுக்கும் ஒதுக்குங்கள். நிணம் உருகித் தணலில் சொட்டிச் சுவாலை எழுவதும் அதனால் குறையும். தோள் சதையில் ஓடும் முரட்டு நார், 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் இளகும். பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் பன்றியை மூங்கிலில் கோத்து மணிக்கணக்காகச் சுழற்றுவது இதற்காகத்தான். காய்ந்த வைர விறகோ சிரட்டைக் கரியோ போதும். மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டை மட்டும் யாரும் தீயில் போடவிடாதீர்கள். அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் புண்ணாக்கும்.

வெட்டிக் கறியாக்கினால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். காட்டுப்பன்றியென்றால் நானும் அந்தப் பக்கம்தான். கொழுப்புக் குறைந்த அந்த இறைச்சி முழுதாகச் சுட்டால் வறண்டுவிடும். தசைக்குள் புழு இருக்கவும் கூடும். எந்த மூலையிலும் 71 பாகைக்குக் குறையாமல் வெந்தாக வேண்டும், அதைத் துண்டு போட்டால்தான் எளிதில் உறுதிசெய்யலாம். வளர்ப்புப் பன்றி வேறு. அதன் தோலும் கொழுப்புமே உள்ளிறைச்சியை ஈரம் குன்றாமல் காக்கின்றன.

இது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கெதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்மா ஊட்டிக் கொழுக்கவைத்துக் கள்ளோடு விருந்தளித்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. மாங்கேணி, வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களோ வேட்டையை வாழ்வாகக் கொண்டிருந்த மரபினர். அவர்களைப் பற்றி 1911இலேயே மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் தம் நூலில் எழுதினார்கள். பன்றி இந்த மண்ணுக்கு விருந்தாளி அல்ல. அதை உண்ணாத முஸ்லிம் அயலவரும் இந்த மண்ணின் மக்களே. அவர்கள் வீட்டுச் சட்டி, கத்தியை இரவல் வாங்காதீர்கள், புகை போகும் திசையையும் பார்த்து அடுப்பை அமையுங்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் உங்களுக்கு வேலை மிச்சமிருக்கும். 2024இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்தது. மனிதரைத் தொற்றாது, பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். அந்தக் கிருமி இரத்தத்திலும் பச்சை இறைச்சியிலும் நீண்டகாலம் தங்கும். குடலையும் கழிவையும் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். எச்சிலை எந்தப் பன்றிக்கும் போடாதீர்கள்.