90 நாள் ஆயா

எங்கள் ஒதியம்பட்டில் ஆயாக்கள் இரண்டு வகை. பேரப்பிள்ளையை இடுப்பில் சுமக்கிற ஆயா ஒரு வகை, செல்போனில் சுமக்கிற ஆயா இன்னொரு வகை. இரண்டாம் வகையும் விசா கிடைத்தால் முதல் வகை ஆகலாம். ஆனால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பது ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கணக்கு. அதற்கு மேல் ஒரு நாள் பாசம் வைத்தாலும் குற்றம்.

புதுச்சேரியில் எங்கள் வில்லியனூர் வட்டாரத்தில் இந்த இரண்டாம் இனம் தோன்றியதற்குச் சரித்திரம் உண்டு. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அப்படி வைத்துக்கொண்ட 'சொல்தா' (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) வீடுகளுக்குப் பெண் கொடுத்தவர்களுக்கெல்லாம் இன்று பாரிசை ஒட்டிய சார்செலிலும் லா கூர்னேவிலும் பேரப்பிள்ளைகள். ஆயாவிடம் மஞ்சள் ரேஷன் கார்டு, பேரனிடம் மெரூன் பாஸ்போர்ட்.

பயணம் பெரும்பாலும் மார்ச்சில். "குளிர் முடிஞ்சிடும்மா, வசந்தம் வந்துடும்" என்று மகள் சொல்லியிருப்பாள். பெட்டியில் வசம்பு, சுக்கு, முருங்கைக்கீரைப் பொடி. நடுவில் ஏழு பாலிதீன் பைக்குள் தாளிப்பு வடகம். ஏர்போர்ட் நாய் மோப்பம் பிடித்துவிடுமோ என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போய்ப் பார்த்தால் அதே வடகம் 'வாதுவான்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, சின்னக் கண்ணாடிப் புட்டியில் கடையில் உட்கார்ந்திருக்கிறது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த ஆயா, சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

வசந்தம் என்றால் ஆயாவுக்கு சினிமாதான்: பூத்தோட்டம், நடுவில் நாயகி ஓட்டம். ஜன்னல் திரையை விலக்கினால் தெரு நெடுக மொட்டை மரங்கள். "இன்னாடி இது, எல்லாம் நம்மூரு ஒதிய மரமாட்டம் நிக்குது?" பெயரிலேயே ஒதியை வைத்திருக்கிற ஊர்க்காரி வேறு எதைச் சொல்வாள்? ஒதி எவ்வளவு பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது. இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செத்ததுபோல் நிற்கும். ஆனால் ஒரு கிளையை வெட்டி எந்த வேலியில் போத்து நட்டாலும் துளிர்த்துவிடும். இதைச் சொல்லும்போது ஆயா ஏனோ பேரனைப் பார்க்கிறாள்.

பேரனுக்கு ஒன்றரை வயது. பகலெல்லாம் குழந்தைகள் காப்பகத்தில் இருந்து பிரெஞ்சு கற்றவன். ஆயாவைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "மாமி!" அங்கே பாட்டிக்கு அதுதான் பெயராம். "நான் உனக்கு மாமியாடா? ஆயாடா, ஆயா!" சரி என்று போனில் தாத்தாவைக் காட்டி "தாத்தா பாரு" என்றால், பிள்ளை அத்தையைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு ஓடுகிறது. அவர்கள் பாஷையில் 'தாத்தா' என்றால் அத்தை. அப்படியானால் தாத்தாவுக்கு? 'பாப்பி'. ஒதியம்பட்டில் அது எதிர்வீட்டு நாயின் பெயர். தாத்தா மூன்று நாள் போனுக்கே வரவில்லை.

சித்திரையில் நம் பிள்ளைக்கு உடை அரைஞாண் கயிறு மட்டும். அங்கேயோ ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் களையாதே என்று பழமொழியே இருக்கிறது. அதனால் பூங்காவுக்குப் புறப்பட உள்சட்டை, சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, குல்லாய். ஆயா மூச்சு வாங்கக் கடைசிப் பொத்தானைப் போட்டு நிமிர்வாள். அப்போது பிள்ளையின் முகத்தில் ஓர் ஆழ்ந்த தியானம் படரும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். ஐந்தையும் கழற்ற வேண்டும்.

மார்ச் கடைசி ஞாயிறன்று அரசாங்கமே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது. ஊருக்கும் பாரிசுக்கும் இருந்த நாலரை மணி வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும். "ஒரு மணி நேரம் ஊர் கிட்ட வந்துடுச்சு" என்று ஆயாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷம். மே மாதத்தில் வேறு சிக்கல்: இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது. நிலாவைக் காட்டாமல் எப்படிச் சோறு ஊட்டுவது? நிலா வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. தெருவிளக்கைக் காட்டி ஊட்டியதாகக் கேள்வி.

வில்லியனூர்த் தேரையும் தவறவிட்டு, ஜூனில் ஊர் திரும்புகிறாள். மொட்டையாக விட்டுப்போன ஒதிய மரம் தழைத்திருக்கிறது. அன்று முதல் குழாயடியின் வானிலை அதிகாரி அவள்தான். நாம் வியர்வையைத் துடைத்தால், "அங்க இன்னிக்கு பதினாறு டிகிரிதான்" என்பாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல. சுவரில் இரண்டாவதாக, பாரிஸ் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியாகிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஸ்டூல் போட்டு ஏறி அதை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவாள். அன்று மட்டும் யாரோடும் பேசமாட்டாள்.

90 நாள் மல்லுக்கட்டியும் 'ஆயா' என்ற சொல் பிள்ளை வாயில் நிற்கவில்லை. போன் அடித்து "மாமி" என்று கேட்டால், "இன்னாடா கண்ணு" என்று ஈரக் கையோடு ஓடுகிறாள். அடுத்து "பாப்பி!" என்று ஒரு கூவல். எதிர்வீட்டு நாயும் எங்கள் தாத்தாவும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்கிறார்கள்.

இதுவரை தாத்தாதான் முந்தியிருக்கிறார்.