இருபதாயிரம் ஒளியாண்டு தள்ளி ஒரு பிள்ளை

கேள்வி: என் மகன் ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற கணினி விளையாட்டில் மூன்று வாரமாக விண்கலம் ஓட்டுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால், “பூமியிலிருந்து இருபதாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கேம்மா” என்கிறான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: பெரும்பாலும் ஒன்றுமில்லை அம்மா. அதைப் பார்க்கத்தான் போகிறார்கள்!

2014-ல் வந்த இந்த விளையாட்டில் நம் பால்வெளி மண்டலம் நிஜ அளவிலேயே இருக்கிறது. சுமார் 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். யாரும் போகாத இடத்துக்கு முதலில் போனால் வரைபடத்தில் பிள்ளையின் பெயர் ஏறும். ஆனால், சேகரித்த தகவலைப் பத்திரமாகக் கொண்டுவந்து விற்ற பிறகுதான். வழியில் கலம் வெடித்தால் மூன்று வார உழைப்பும் அம்போ.

பெட்ரோல் பங்க்? நட்சத்திரங்கள்தான். ஒட்டிப் பறந்து எரிபொருளை அள்ளிக்கொள்ள வேண்டும். பழுப்புக் குள்ளன் வகையிடம் சொட்டுக்கூடக் கிடைக்காது (கஞ்சன்கள் எங்கும் உண்டு). டாங்க் காலியாகி நடுவெளியில் நின்றால், ‘ஃப்யூல் ராட்ஸ்’ என்ற, இதே விளையாட்டை ஆடுபவர்களின் குழு தேடி வந்து இலவசமாக நிரப்பிவிட்டுப் போகும். நம் நெடுஞ்சாலைகளில் இதை நான் பார்த்ததில்லை.

மண்டலத்தின் மறுகோடியில் ‘பீகிள் பாயின்ட்’ இருக்கிறது. பூமியிலிருந்து தூரம் சுமார் 65,000 ஒளியாண்டு. கலம் ஒரே தாவலில் 50 ஒளியாண்டு கடந்தாலும் 1,300 தாவல்கள். உங்கள் மகன் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. தட்டை அவன் மேசைக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.