முக்கால் டேங்க்

கோபாலபுரம் என்றதும் சிங்கப்பூரில் நான் சந்தித்த தமிழர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கலைஞர் வீட்டுப் பக்கமா?" அது சென்னைக் கோபாலபுரம். எங்களுடையது பொள்ளாச்சி - பாலக்காடு சாலையில் செக்போஸ்ட்டை வைத்தே பெயர் வாங்கிய கோபாலபுரம். மாநிலம் கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் இறங்கவேண்டிய எம்.ஆர்.டி. நிலையம் வந்துவிடும். போகப்போக நானும் "ஆமாங்க, ரெண்டு தெரு தள்ளி" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

எல்லையில் குடியிருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே தடுப்பைக் கண்டாலும் கை தானாகப் பையைத் திறக்கும். ஜி.எஸ்.டி. வந்து 2017-ல் வணிகவரிச் சாவடிகள் போயின. வியாதி போகவில்லை. மாட்டுக்குச் சோதனை, கள்ளுக்குச் சோதனை, ஓணம் நெருங்கினால் பாலுக்கும் சோதனை என்று வளர்ந்த உடம்பு இது. சாங்கி விமான நிலையத்துக்கென்று, பையிலிருந்த பலாப்பழச் சக்கவரட்டி டப்பாவைப் பற்றி ஒரு சிற்றுரையே தயார் செய்து வைத்திருந்தேன். அங்கே கேட்க ஆளே இல்லை. இயந்திரம் பாஸ்போர்ட்டைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, கதவைத் திறந்துவிட்டது. ஒரு கேள்வி இல்லை, ஒரு முறைப்பு இல்லை. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று பட்டது. "ஏனுங்க, நகருங்க, பொறத்தால ஆளு நிக்குது" என்று மனைவி தள்ளிய பிறகுதான் அந்நிய மண்ணில் கால் வைத்தேன்.

அங்கிருக்கும் மகளும் மருமகனும் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்தில் கண்ணாடிக் கூரைக்குள் 35 மீட்டர் உயர அருவி, குளிரூட்டிய மேகம். நுழைவுச்சீட்டின் விலையை நான் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்ததால் அருவியைச் சரியாகப் பார்க்கவில்லை. புக்கித் தீமா மலைக்கும் போனோம். சிங்கப்பூரின் இயற்கையான உச்சி அதுதான். 163 மீட்டர் சொச்சம். "எங்க பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டே இதைவிட உசரம், மாப்ள" என்று அடிவாரத்தில் சொன்னேன். உண்மைதான், பொள்ளாச்சி கடல் மட்டத்துக்குச் சுமார் 290 மீட்டர் மேலே. ஆனால் பொள்ளாச்சிக்கு நான் பஸ்ஸில்தான் போவேன் என்பது பாதி ஏற்றத்தில் முழங்கால் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. மழைக்காட்டு மரங்களை எல்லாம் நின்று நின்று பார்த்தேன். "மாமாவுக்கு மரம்னா உசுரு" என்றார் மருமகன். நல்ல பிள்ளை.

ஊரில் எனக்கு நிஜமாகவே பிடித்தது உட்லண்ட்ஸ் பாலத்து வாகன வரிசை. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள தரைப்பாலம். அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு. சாமானும் சாப்பாடும் அங்கே மலிவென்று கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பெட்ரோலும் மலிவுதான். அதனால் சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது முக்கால் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்தைவிடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் சில ரூபாய் குறைவு என்பதற்காகக் காலி வண்டியை எல்லை வரை தள்ளிப்போய் நிரப்பி வருகிறவன் நான். அந்தச் சட்டம் கோபாலபுரத்துக்கு வந்தால் முதல் கைதி நான்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கதை வேறு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, லாட்டரிக்கு 2003 முதல் தடை. இரண்டும் எங்கள் பக்கம் அரசாங்க அனுமதியோடு கிடைக்கும். அவர்கள் வரும்போது காலி டேங்கோடுதான் வருவார்கள். திரும்பும்போதுதான் முக்கால்.

தண்ணீர்க் கதை கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் தொண்டையை அடைத்தது. சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளைக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம் என்று 1962-ல் ஒப்பந்தம். ஆயிரம் காலனுக்கு 3 சென். 2061 வரை செல்லும். விலை போதாது என்று மலேசியாவில் அவ்வப்போது முணுமுணுப்பு எழும். நான் விடுவேனா? தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம், 1970, எங்கள் பக்கத்து மூலத்தறை அணைக்கட்டுக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி., வராத வருஷத்துச் சண்டைகள் என்று சாப்பாட்டு மேசையில் ரசம் ஆறும் வரை விளக்கினேன். மருமகன் மரியாதைக்குத் தலையாட்டினார். "வெளிநாடு வந்தும் உங்களுக்கு மூலத்தறைதானா?" என்றாள் மனைவி. மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. பிறந்த ஊரில் அரசாங்க நோட்டீஸைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவன், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய் 'அபாயம்' என்ற பலகையைத் தமிழில் படித்துப் பூரித்து நின்றேன். பூரிப்பில் பலகையைத் தாண்டியும் ஓரடி வைத்துவிட்டேன்.

கடைசியாகச் சுங்கை பூலோ. தீவின் வடக்கு ஓரத்துச் சதுப்புநிலம். அலையாத்திக் காடு, ஆள் நீள உடும்பு, பருவத்துக்கு வந்துபோகும் பறவைகள். எதிரே நீரிணைக்கு அப்பால் ஜொகூரின் கட்டடங்கள். சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த நீர்நாய்கள், தண்ணீர் சுத்தமான பிறகு 1990-களில் தாங்களாகவே திரும்பி வந்தனவாம். பாஸ்போர்ட் இல்லை, முக்கால் டேங்க் இல்லை. தமிழ்நாட்டு டாப்ஸ்லிப்புக்கும் கேரளத்துப் பரம்பிக்குளத்துக்கும் நடுவே எங்கள் யானைகளும் இப்படித்தான் போய்வருகின்றன. நான் மட்டும் அங்கேயும் நுழைவாயிலில் பையைத் திறந்து காட்டினேன். காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, முறுக்கு தருகிறேன் என்று நினைத்து, வேண்டாம் என்று கும்பிட்டார்.

சிங்கப்பூர் போகிறவர்கள் கண்ணாடிக்குள் இருக்கும் அருவியை விட்டாலும் சுங்கை பூலோவை விடாதீர்கள். காலையிலேயே போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதலை உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.