சுக்குக் காப்பியும் நடைவேகமும்: திண்டுக்கல் – பழனிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளைத் தொட்டு வரும் அந்தச் சுற்று ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பகலில் நடை, இரவில் மலைக்குடிலில் படுக்கை, விடிந்ததும் அடுத்த குடிலை நோக்கி நடை. சென்னையிலும் பெங்களூருவிலும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நண்பர் கூட்டங்கள் இதற்காகப் பல மாதம் முன்பே குடிலில் இடம் பிடித்து, விசாவுக்கு அலைந்து, யூரோவை எண்ணிக் கொடுத்துப் போய் நடந்துவிட்டு வருகின்றன. காரைக்குடியில் தொடங்கி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற தூரமும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான். பத்து கிலோமீட்டர் குறைகிறது என்பதாலோ என்னவோ, அறிவுலகம் இந்தப் பாதையை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மலை பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். பழனி நடையில் மலை உண்டு. ஆனால் ஏற வேண்டியதில்லை. நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை சிறுமலையும், திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை கொடைக்கானல் மலைத்தொடரும் இடக்கைப் பக்கமாகவே கூட வருகின்றன. சாலை சமவெளியில் கிடக்கிறது. கடைசியில் மட்டும் சுமார் 450 அடிக் குன்றும் 693 படிகளும். மேலே போக இழுவை ரயிலும் (வின்ச்), 2004 முதல் ரோப்காரும் இருந்தும், நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் படியில்தான் ஏறுகிறார்கள். இவ்வளவு தூரம் நடந்தவன் கடைசி 450 அடிக்கு வண்டி ஏறினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற கணக்கும் இதில் இருக்கலாம்.

குடில் விஷயத்தில் நம் பக்கம் சான்று இன்னும் வலுவானது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையேறுவோர் சங்கம் 1863இல் தோன்றியது; இன்று அதற்கு நூற்றைம்பது குடில்கள் வரை உண்டு. திண்டுக்கல்லில் புறப்பட்டுப் பழனிச் சாலையில் நடப்பவர் ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வரிசையாகக் கடக்கிறார். ஊர்ப் பெயரே தங்குமிடப் பட்டியலாக இருக்கிற சாலை உலகில் வேறு எங்கே? நகரத்தார் உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போய் வந்தது பதினேழாம் நூற்றாண்டிலேயே. அவர்களுடைய காவடிகள் இன்றும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி இந்த வழியாகத்தான் போகின்றன. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவு போட்டு வந்து அதில் சேர்ந்துகொள்பவர்கள் உண்டு. ஆக, கடல் கடந்து வந்து நடப்பவர்களுக்கும் இங்கே குறைவில்லை.

இனி வேகம். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலைநடைக்கு ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். திண்டுக்கல் – பழனி சுமார் 60 கிலோமீட்டர். அவர் விதிப்படி சமவெளிக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குள், குன்றுக்குப் பதிமூன்றரை நிமிடம். காலை ஐந்துக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குள் சாமி கும்பிட்டுவிடலாம். நடப்பவர்களோ பொதுவாக இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். விதி எங்கே சறுக்கியது?

நெய்ஸ்மித்துக்கு அன்னதானம் தெரியாது.

தை மாதத்தில் இந்தச் சாலையில் பந்தல் இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு பந்தலில் எலுமிச்சைச் சாதம், அடுத்ததில் பொங்கல், அதற்கடுத்து மோர். பின்னிரவில் பனி இறங்கும்போது அண்டாவில் சுக்குக் காப்பி. வேண்டாம் என்று தலையசைத்தாலும் விடுவதில்லை. "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கண்ணே, சூடாத்தேன் இருக்கு" என்று ஒரு பையன் சாலை நடுவிலேயே டம்ளரை நீட்டுவான். அதை மறுத்துவிட்டு நடக்கிற கல்நெஞ்சு யாருக்கும் வாய்ப்பதில்லை. ஆல்ப்ஸ் குடிலில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு, பிந்தினால் பட்டினி. இங்கே நடப்பவரைப் பட்டினி போட எந்த ஏற்பாடும் இல்லை. எனவே திருத்தப்பட்ட விதி: ஏற்றத்தைக் கழற்றிவிட்டுப் பந்தலைச் சேர்க்க வேண்டும். பந்தலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் கணக்கு ஓரளவு உதைக்காமல் வருகிறது.

பாதையின் மிகக் கடினமான கணவாய் எது? மோன் பிளாங்க் சுற்றில் 2,500 மீட்டரைத் தொடும் கணவாய்கள் உண்டு. இங்கே அது திண்டுக்கல் நகரமே. மாலை போட்டு, விரதம் இருந்து, பச்சை வேட்டியோடு வருகிறவர், 1957இல் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை திறந்த ஊரைப் பகல் பதினொன்றரை மணிக்குக் கடக்க நேர்ந்தால், சீரகச் சம்பா தம் உடைகிற மணம் கடைவீதி முழுக்க அவர் கூடவே நடக்கும். அனுபவசாலியான குருசாமிகள் குழுவைத் திண்டுக்கல்லுக்குள் விடிவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போய்விடுவது வெயிலுக்காக மட்டும்தானா என்பது மேலாய்வுக்குரியது.

தூரம் சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் கிலோமீட்டரைச் சொல்வதில்லை, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று சொல்லும். நம் சாலையில் யாரைக் கேட்டாலும் "இந்தா, பக்கத்துலதேன், ரெண்டு கிலோமீட்டர்" என்பதே விடை. விருப்பாட்சியிலும் அதே இரண்டு, ஆயக்குடியிலும் அதே இரண்டு. பொய்யல்ல, நடப்பவர் முகத்தைப் பார்த்துத் தரப்படுகிற சிகிச்சை.

கருவிகள் அதிகமில்லை. மூட்டை முடிச்சு குட்டியானை வண்டியில் பின்னால் வரும். ஐரோப்பாவில் பையை அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுபோகத் தனிக் கட்டணம். காலுக்குச் செருப்பு கிடையாது. பகலில் தார் கொதிக்கத் தொடங்கியதும் கூட்டம் தானாகவே ஒற்றை வரிசையாகிச் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கும். வெள்ளைப் பூச்சு சூட்டைக் குறைவாக உறிஞ்சும் என்ற இயற்பியலை உள்ளங்கால் சுயமாகக் கண்டுபிடித்துவிடுகிறது. கொப்புளத்துக்கு ஊசியும் நூலும், கெண்டைக்காலுக்குக் கோடாலித் தைலம். அந்தத் தைலம் சிங்கப்பூர்ச் சரக்கு என்பதால் வெளிநாட்டுத் தொடர்பு இங்கேயும் நிரூபணமாகிறது. முதுகில் காவல்துறை ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கரைக் கருவிகளில் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டும். இரவில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

ஒன்றில் மட்டும் ஆல்ப்ஸ் நம்மை முந்துகிறது. அங்கே குடிலில் தங்குகிறவர் தன் குப்பையைத் தானே கீழே சுமந்து இறங்க வேண்டும். இங்கே பூசம் முடிந்த மறுநாள் சாலையின் இருபுறமும் காகிதக் கப்பும் பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும்தான். ஆகவே அடுத்த தை மாதம் கிளம்புகிறவர்கள் இடுப்புத் துண்டில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரை முடிந்துகொண்டு கிளம்புங்கள். சுக்குக் காப்பியும் அதில்தான் கூடுதலாகப் பிடிக்கும்.