பாலம் ஏறாத மாருதி

கேள்வி: என்னுடைய 1996 மாருதி 800 சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, ஈரடுக்குப் பாலம் ஏறும்போது மட்டும் திணறி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: பொறுங்கள் அண்ணாச்சி. 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தைச் சத்தமில்லாமல் கடக்கிற வண்டி, ஏற்றத்தில் மட்டும் படுக்கிறது என்றால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபில்டரை மாற்றுங்கள்; செலவு சொற்பம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டரில் சேர்க்கும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். குழாயில் விரிசல் இருந்தால் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சும்.

அடுத்து, எஞ்சின் ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கார்புரேட்டர் கடைசி. அதையும் முதலில் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். மெக்கானிக் முறைத்தால் கால் கிலோ அல்வா வாங்கிக் கொடுங்கள். நம்மூரில் யாராவது ஒருவர் கொடுத்துத்தானே ஆக வேண்டும்!