பட்டை கட்டிய வீரம்

கோவை ஜிம்களில் இப்போதெல்லாம் எடை ஏறுவதற்கு முன் பட்டை ஏறிவிடுகிறது. மணிக்கட்டில் சுற்றி, கம்பியில் முறுக்கி, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்பி இழுப்பது இருபது கிலோ. உழவர் சந்தையிலிருந்து அவருடைய அம்மா இரண்டு கையிலும் தூக்கி வருவது அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அம்மாவுக்குப் பட்டையும் இல்லை, ரீல்ஸ் எடுக்க ஆளும் இல்லை.

இந்தப் பட்டை, அதாவது லிஃப்டிங் ஸ்ட்ராப், வீண் பொருள் அல்ல. தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டில் முதுகும் தொடையும் இன்னும் தயாராக இருக்கும்போதே விரல்கள் கைவிட்டுவிடும். அப்போது பாரத்தின் ஒரு பங்கை மணிக்கட்டுக்கு மாற்றித் தருவதே பட்டையின் வேலை. ஆனால் சர்வதேச பவர்லிஃப்டிங் விதிப்படி போட்டி மேடையில் அதற்கு இடமில்லை. சாக்பொடி பூசலாம், இடுப்பில் பெல்ட் கட்டலாம். பிடி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். வாலிபர்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல்லை வழவழவென்று செதுக்கிவைத்த நம் முன்னோர் இந்த விதியை எழுதாமலே அமல்படுத்தியவர்கள்: உருண்டைக் கல்லில் பட்டையை எங்கே சுற்றுவது?

பொள்ளாச்சி கிட்டம்மாள் 2025-இல், 82 வயதில், குனியமுத்தூர்ப் போட்டியில் 50 கிலோ டெட்லிஃப்ட் தூக்கினார். இருபது கிலோத் தம்பிகள் அந்தச் செய்தியை லைக் மட்டும் செய்தார்கள்.

ஏனுங் தம்பி, வார்ம்-அப்புக்குப் பட்டையைக் கழற்றி வைங்க. கடைசி செட்டுக்குத் தாராளமாகக் கட்டிக்குங்க. கம்பியைத் தோளுக்கு ஏற்றும் கிளீன் செய்யும்போது மட்டும் கட்டவே கட்டாதீங்க. கம்பி கையை விடாது, மணிக்கட்டு போயிரும்.